சிவனொளிபாதமலையும் அஞ்சேல் என்ற திருக்கரமும்

எமது நாட்டின் மத்திய மலைத்தொடரிலே 2243 மீற்றர் உயரத்தில், பழைய அடிக்கணக்கிற் சொன்னால் 7359 அடி உயரத்தில், கூம்பிய கரங்கள் போல வானை நோக்கி நிற்பது சிவனொளிபாதமலையாகும். உயரத்தை மட்டும் அளவாகக் கொண்டால் இலங்கையின் முதலாவது மலை இதுவன்று. பீதுருதாலகாலை 2524 மீற்றர் உயர்ந்தது. ஆனாலும் பீதுருதாலகாலையை நோக்கிக் கைகூப்பி வணங்கியவர் எவருமிலர். மலையின் பெருமை அதன் உயரத்திலன்று, அதன் உச்சியிலே பதிந்துள்ள திருவடியிலேயே தங்கியிருக்கிறது என்பது இதனாற் புலனாகும்.

அத்திருவடிச் சுவட்டைச் சைவர்கள் சிவபெருமானுடைய பாதம் என்று வணங்குகின்றனர். பௌத்தர்கள் புத்தபகவானுடைய ஸ்ரீபாதம் என்கின்றனர். இஸ்லாமியர் ஆதிபிதா ஆதம் அவர்களுடைய பாதச்சுவடு என்கின்றனர். கிறிஸ்தவர்களிற் சிலர் புனித தோமையாருடன் அதனைத் தொடர்புபடுத்துவர். 11ஆம் நூற்றாண்டிலே முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களுக்கு அன்னதானமும் தங்குமிடமும் கிடைக்க ஊர்களை மானியமாக வழங்கினான். 16ஆம் நூற்றாண்டிலே சீதாவாக்கை இராசசிங்கன் சைவத்தைத் தழுவியபின் மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பிலே விட்டான் என்று சூளவம்சமே கூறுகின்றது. 18ஆம் நூற்றாண்டிலே கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் அது மீண்டும் பௌத்த குருமாரிடம் சென்றது. பாதம் யாருடையது என்ற வழக்கை மனிதர் மாறிமாறிப் பேசியிருக்கின்றனர். மலை அதனைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்கின்றது.

ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பூரணை தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணை வரை யாத்திரைக் காலம். அக்காலத்திலே எமது கிராமங்களிலிருந்தும் பஸ் பிடித்து அடியார்கள் செல்வர். ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறுவோர் பெரும்பாலார்; இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுவோர் சிலர். நல்லதண்ணிப் பாதையிலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. முற்பகுதியில் தேயிலைத் தோட்டமும் தேநீர்க் கடைகளுமாகப் பாதை இலேசாகச் செல்லும். பிற்பகுதியில் படிகள் செங்குத்தாகும். மரங்கள் குறைந்து, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் ஆகாயமுமாக வழி ஒடுங்கும். கைபிடித்து ஏற இரும்புக் கம்பிகள் உண்டு. அவ்விடத்திலேதான் சில அடியார்களுக்குக் கால் நகராமற் போகின்றது.

இதனைப் பற்றி ஊரிலே வெளிப்படையாகப் பேசுவார் குறைவு. களைப்பினால் நின்றவரை எல்லோரும் தேற்றுவர். முழங்கால் நோவினால் நின்றவருக்கு எண்ணெய் தேய்த்து விடுவர். ஆனால் உயரத்தைக் கண்டு பயந்து நின்றவரைப் பார்த்தால் இளைஞர்கள் சிரிக்கின்றனர். கையடக்கத் தொலைபேசியிலே படம் பிடிப்பவர்களும் உண்டு. வயது வந்தவர்கள் சிரிப்பதில்லை. அவர்கள் அதனிலும் கடுமையாக ஒன்றைச் சொல்வர். பாவம் செய்தவரை மலை ஏறவிடாது, நம்பிக்கை இருந்தாற் பயம் வருமா, என்பர். பயந்து திரும்பிய தாயொருத்தி அச்சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்து வருடமாக மனதில் வைத்துக்கொண்டு, தன்மீது சுவாமிக்குக் கோபம் என்று நினைத்து வாழ்ந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? மலைக்குச் செல்லும் வழியில் எவருடைய மனத்தையும் நோகச் செய்யும் வார்த்தை பேசலாகாது என்பது முன்னோர் காத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு இந்த ஓரிடத்தில் மட்டும் ஏனோ மறக்கப்படுகின்றது.

உண்மையிலே அந்த மலையிலே பயம் என்பது புதிய சங்கதியன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, அம்மலையில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன, அவற்றைப் பற்றியே மேலே ஏறுகின்றனர் என்று எழுதி வைத்தார். அதற்குப்பின் 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பத்தூத்தா இலங்கைக்கு வந்தார். புத்தளத்திலே அவர் சந்தித்தது யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தியை. ஆதிபிதாவின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதே தமது விருப்பம் என்று அவர் சொல்ல, அரசன் தடை சொல்லாமல் பல்லக்குக் கொடுத்து, வழித்துணையும் அனுப்பினான். அவ்வழித்துணையில் ஆண்டுதோறும் பாதயாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் இருந்தனர். அவர்களுடன் அரச பரிவாரத்தினர் பத்துப் பேரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் சென்றனர். தமிழ் அரசன் ஒருவன் அனுப்பிய சிவயோகிகள் முன்னே நடக்க, முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர் பின்னே நடந்து அந்த மலையை ஏறிய காட்சியை எமது பிள்ளைகளுக்கு யாராவது படமாக வரைந்து கொடுக்கலாம்.

மலை உச்சிக்குச் செல்லும் வழியிலே பத்துச் சங்கிலிகள் இருந்ததாக அவர் கூறுகின்றார். அவற்றுள் பத்தாவதற்கு ஒரு பெயர் இருந்தது. கலிமாச் சங்கிலி என்பது அதன் பெயர். அங்கே வந்து சேர்ந்த ஒருவன் கீழே மலையடிவாரத்தை நோக்கினால் மதிமயக்கம் உண்டாகி, விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் தன் மார்க்கத்தின் மூலமந்திரத்தைத் தானாகவே ஓதிவிடுவான்; அதனாலேயே அப்பெயர் வந்தது என்கின்றார் இபின் பத்தூத்தா.

இச்செய்தி சிந்திக்கத்தக்கது. பயம் வந்த இடத்தை நம்பிக்கை குறைந்த இடம் என்று அக்காலத்து யாத்திரிகர் பெயரிடவில்லை. நம்பிக்கை வாய்விட்டு வெளிப்பட்ட இடம் என்றே பெயரிட்டனர். பாறையிலே சங்கிலியைப் பற்றி நின்றவனுக்குக் கால் நடுங்கிற்று, கூடவே மந்திரமும் வந்தது. முன்னே சென்ற எமது யோகிகளின் வாயிலும் அதே இடத்தில் ஐந்தெழுத்து எழுந்திருக்கும் என்று எண்ணுவதற்குத் தடையில்லை. தரையிலே பஞ்சபுராணம் ஓதும்போது அடுப்பிலே வைத்த பாலை நினைக்கும் நெஞ்சு, அந்தப் பத்தாவது சங்கிலியிலே பாலையும் நினைக்காது, வழக்கையும் நினைக்காது.

அதே யாத்திரிகர் வேறொன்றையும் குறித்திருக்கின்றார். மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆதம் பெயரால் ஒன்று, அவருடைய துணைவி ஹவ்வா பெயரால் மற்றொன்று. தாயின் பெயர் பெற்ற வழி இலகுவானது, தந்தையின் பெயர் பெற்ற வழி கடினமானது. இலகுவான வழியால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே கணிக்கமாட்டார்களாம். ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன்னரும் மலையடிவாரத்திலே உட்கார்ந்து, யாருடைய யாத்திரை செல்லும், யாருடையது செல்லாது என்று கணக்குப் பார்த்தவர்கள் இருந்திருக்கின்றனர். மலைகள் தேய்ந்தாலும் அந்தக் கணக்குப்பிள்ளைகள் தேய்வதில்லைப் போலும்.

இனி, பயம் என்பது பக்திக்குப் பகையா என்பதை எமது சமய நூல்களின் துணைகொண்டு நோக்குதல் வேண்டும்.

இலங்கை வேந்தனாகிய இராவணன் கயிலைமலையைத் தன் தோள்வலியினாலே பெயர்த்தெடுக்க முயன்ற வரலாறு யாவரும் அறிந்ததே. திருஞானசம்பந்தப் பெருமான் தமது பதிகங்களிலே பெரும்பாலும் எட்டாவது திருப்பாடலை இவ்வரலாற்றுக்கென்றே ஒதுக்கி வைத்தார். திருக்கோணேச்சரத்திலே கடலை நோக்கிச் செங்குத்தாகப் பிளந்து நிற்கும் பாறையை இராவணன் வெட்டு என்று காட்டுவதனால் எமது நாட்டவருக்கு இவ்வரலாறு அடுத்த வீட்டுக் கதை போன்றது. இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் இராவணனுடைய செருக்கையும், இறைவன் பெருவிரலால் ஊன்றியதையும், பின்னர் அவன் சாமகானம் பாடி வாளும் நாளும் பெற்றதையும் விரிப்பர். இடையிலே ஒன்று கவனிக்கப்படாமற் போகின்றது. மலை அசைந்தபோது உமாதேவியார் அஞ்சினார் என்பதே அது. அவர் யார்? மலையரசன் மகள். இமயத்திலே பிறந்து, இமயத்திலே வளர்ந்து, கயிலையிலே வாழ்பவர். மலைமகள் என்பதே அவருடைய திருநாமம். அப்படிப்பட்ட அம்மையார் மலை ஆட்டங்கண்டபோது அஞ்சினார் என்று பாடுவதற்கு ஆளுடைய பிள்ளையாரும் நாவுக்கரசரும் தயங்கவில்லை. அஞ்சிய தேவியைப் பார்த்து இறைவன், பர்வதராசன் மகளுக்கு மலையிலே பயமா என்று நகைத்ததாக எங்கும் இல்லை. திருவிரலை ஊன்றினான், மலை நின்றது. அஞ்சியவருக்குச் செய்ய வேண்டியது காலடியை உறுதியாக்குவதே என்பதனை இறைவனே செய்து காட்டினான்.

உலகத்தைப் படைக்கும்போது இறைவன் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கொடுக்கின்றான் என்பது சைவசித்தாந்தம். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள். உடம்பைக் கொடுத்தவன் அதனைக் காத்துக்கொள்ளும் அறிவையும் உடன்வைத்தே கொடுத்தான். பாம்பைக் கண்டால் விலகுவதும், நெருப்பைத் தொட்டாற் கையை இழுப்பதும், பள்ளத்தைக் கண்டால் நிற்பதும் அந்த அறிவின் செயல்கள். இவற்றை ஆன்மாவின் பக்தி அளவாகக் கொள்வது, தராசிலே துணியை அளப்பது போன்றது.

வைத்தியர்கள் கூறும் விளக்கமும் இதற்கு இசைவாகவே உள்ளது. மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று உதவிகள் வேண்டும். உட்காதிலுள்ள சமநிலைக் கருவி ஒன்று, பாதமும் மூட்டும் தசையும் தரும் உணர்ச்சி ஒன்று, கண் தரும் காட்சி ஒன்று. சமதரையிலே பக்கத்துச் சுவரையும் மரத்தையும் கண்டு, உடம்பு சிறிது சாய்ந்தாலும் கண் உடனே சொல்லிவிடும். உயரமான விளிம்பிலே பக்கத்திற் சுவரில்லை, மரமில்லை. கண்ணுக்கு எட்டிய பொருள்களெல்லாம் தூரத்திலே கிடக்கின்றன. அப்போது கண்ணின் சாட்சியம் பலவீனப்படுகின்றது. உடம்பு வழமையிலும் சற்று அதிகமாக ஆடுகின்றது. இந்த ஆட்டம் எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது தெரிவதில்லை, சிலருக்கு அதுவே பெரும் நடுக்கமாகின்றது. அருகிலுள்ள பொருளொன்றைப் பார்ப்பதும், உட்கார்ந்துவிடுவதும், கம்பியையோ பாறையையோ விரலால் தொட்டுக்கொண்டிருப்பதும் அந்த ஆட்டத்தைக் குறைக்கும். இறுகப் பிடிக்கவேண்டுமென்றில்லை. தொட்டாலே போதுமானது. முன்னே செல்பவரின் குதிக்காலைப் பார்த்து ஏறு, கீழே பார்க்காதே என்று கிழவிமார் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு பொருத்தமானது என்று எண்ண வேண்டியிருக்கின்றது.

குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு இவ்விடத்திலே சொல்லத்தக்கது. அமெரிக்காவிலே எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வோக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டளவில் ஒரு மேசையை அமைத்தனர். அதன் மேலே முழுவதும் தடித்த கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடியின் கீழே உடனே தரை தெரியும். மறுபாதியில் கண்ணாடியின் கீழே பள்ளம் தெரியும். விழுவதற்கு வழியில்லை, ஆனால் விழுவது போலத் தோன்றும். தவழும் பருவத்துக் குழந்தைகளிற் பெரும்பாலானவை தாய் அழைத்தும் பள்ளத்தின் பக்கம் செல்ல மறுத்தன. பாவமும் அறியாத, நம்பிக்கை அவநம்பிக்கை என்ற சொல்லும் அறியாத பச்சைக் குழந்தைகள் அவை.

அதே மேசையை வைத்து 1985ஆம் ஆண்டு வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. பள்ளத்தை ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் அளவாகக் குறைத்தனர். போவதா நிற்பதா என்று ஒரு வயதுக் குழந்தைக்குச் சந்தேகம் வரும் அளவு அது. மறுகரையிலே தாய் நிற்கின்றாள். அவள் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. முகத்தால் மட்டும் ஒன்றைக் காட்ட வேண்டும். தாயின் முகத்திலே மகிழ்ச்சியைக் கண்ட 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் பள்ளத்தைக் கடந்து வந்துவிட்டன. தாயின் முகத்திலே பயத்தைக் கண்ட 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. இரு சாராருக்கும் பள்ளம் ஒன்றுதான், கண்ணாடியும் ஒன்றுதான். மாறியது மறுகரையில் நின்ற முகம் மட்டுமே.

நடராசப் பெருமானுடைய திருவுருவத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பின்வலக்கரம் உடுக்கை ஏந்திப் படைத்தலைக் காட்டும். பின்னிடக்கரம் தீயேந்தி அழித்தலைக் காட்டும். முன்வலக்கரம் விரல்கள் மேல்நோக்க உள்ளங்கையைக் காட்டி நிற்கும். அதுவே அபயகரம். அஞ்சேல் என்பது அதன் பொருள். முன்னிடக்கரம் வளைந்து வீசித் தூக்கிய திருவடியைச் சுட்டும். அஞ்சாதே என்று ஒரு கை சொல்ல, இதனைப் பார் என்று மறுகை காட்டுகின்றது. அஞ்சேல் என்று சொல்வதனாலேயே எதிரில் நிற்பவன் அஞ்சிக்கொண்டிருக்கிறான் என்பது பெறப்படும். பயமில்லாதவனுக்கு அந்தக் கை தேவையில்லை. அடியார் பயந்தவராகத்தான் வருவார் என்பதனை எதிர்பார்த்து, அதற்கென்று ஒரு திருக்கரத்தையே ஒதுக்கி வைத்திருக்கின்ற கடவுளின் முன்னே, பயந்தவன் பக்தனல்லன் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? மறுகரையில் நிற்கும் தாயின் முகம் அந்தக் குமிண்சிரிப்பிலே இருக்கின்றது.

ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பன. ஐந்தொழில்களுள்ளே மறைத்தல் என்பது பலருக்கும் விளங்காதது. இறைவன் எதற்காக மறைக்க வேண்டும்? மறைப்பது வஞ்சகம் அல்லவா என்று கேட்பர். மறைத்தலும் அருளின் பாற்பட்டதே என்று சித்தாந்திகள் கூறுவர். இதனைச் சிவனொளிபாதமலை யாத்திரை போல விளக்கும் உதாரணம் வேறொன்று கிடைப்பது அரிது.

சூரிய உதயத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதனால் யாத்திரிகர்கள் இரவிலேதான் மலை ஏறுகின்றனர். பாதை நெடுகிலும் விளக்குகள் உண்டு. அவை படியை மட்டும் காட்டும், பள்ளத்தைக் காட்டா. உயரப்பயம் உடையவர்களும் இருளிலே ஒன்றும் தெரியாமல், முன்னே செல்பவரின் காலைப் பார்த்து, அரோகரா என்றும் சிவசிவ என்றும் சொல்லிக்கொண்டு, மேலே போய்ச் சேர்ந்துவிடுவர். இறங்கி வருகின்ற சிங்கள யாத்திரிகர்கள் கருணாவை என்று வாழ்த்திச் செல்வர். குளிரிலே விடியும்வரை ஒடுங்கியிருந்து, உதயத்தையும், மறுபக்கத்து மூடுபனியின்மேல் முக்கோணமாக விழும் மலையின் நிழலையும் கண்டு, எத்தனை முறை ஏறினாரோ அத்தனை முறை மணியை அடித்துவிட்டு இறங்கத் திரும்புகின்றபோது, பொழுது நன்றாக விடிந்துவிட்டது. அப்போதுதான் தாம் எவ்வழியால் வந்தோம் என்பதைக் கண் முதன்முறையாகக் காண்கின்றது. படிகள் காலடியிலிருந்து நேரே கீழே சரிகின்றன. அதற்கப்பால் பச்சையும் நீலமுமாக வெளி. ஏறும்போது வராத நடுக்கம் அங்கே வருகின்றது. கையைக் கம்பியிலிருந்து எடுக்க முடியவில்லை. பின்னால் நூறு பேர் இறங்கக் காத்திருக்கின்றனர்.

இருள் பள்ளத்தை மறைத்ததனாலேயே அவரால் ஏற முடிந்தது. ஏறிய பின்னரே வெளிச்சம் வந்து காட்டிற்று. பக்குவம் வரும்வரை மறைத்து, பக்குவம் வந்தபின் காட்டும் திரோதான சக்தியின் தொழில் இதுவன்றி வேறென்ன? வாழ்க்கையிலும் பலர் பின்னோக்கிப் பார்த்து, இந்த வருடங்களையெல்லாம் முன்னரே காட்டியிருந்தால் ஓரடியும் வைத்திருக்க மாட்டோம் என்பர். யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட எமது மண்ணிலே இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் தத்துவம் விளங்கினாலும் கால் இறங்காது. அந்நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுப்பதும், பின்னாலிருந்து தள்ளுவதும், ஒன்றும் இல்லை வா என்று சத்தம் போடுவதும் ஆபத்தானவை. உட்பக்கமாக, பாறையோரத்துப் படியிலே அவரை உட்கார வைக்க வேண்டும். கூட்டம் கடந்து போகட்டும். அவர் நன்கு மதிக்கும் ஒருவர், உரத்த குரல் இல்லாதவர், அவருக்கு முன்னே ஒரு படி கீழே நின்று பள்ளத்தை மறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இருளின் வேலையை அந்த மனிதர் செய்கின்றார். பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல, படியைப் பார்த்தபடியே இறங்குவது சிலருக்கு இலகு. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதிலும் வெட்கமில்லை. காரைக்கால் அம்மையார் கயிலையிலே காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர். அதுவும் அச்சந்தான், உயர்ந்த வகை அச்சம். அவரைக் கண்டு கயிலையில் வியந்தார்கள். இறைவனோ அம்மையே என்று அழைத்தான்.

ஏறும் வழியிலேயே நின்றுவிடுபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி மலையிலே, இதற்கு மேல் முடியாது என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவருடைய யாத்திரை பலனற்றதா?

அப்பர் சுவாமிகள் திருக்காளத்தியைத் தரிசித்தபின் கயிலைக்குச் செல்லப் புறப்பட்டார். முதிர்ந்த வயது. உடன் வந்தோரை நிறுத்திவிட்டுத் தனியே நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தாவினார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டார். ஈற்றிலே அதுவும் முடியாமற் கிடந்தார். முனிவர் வடிவிலே வந்த இறைவன், மானிடர்க்குக் கயிலை அடைதற்கு அரியது, மீண்டு செல்லும் என்றான். நாவுக்கரசர் இசையவில்லை. பின்னர் அசரீரியாக, இப்பொய்கையிலே மூழ்கித் திருவையாற்றிலே நம் கயிலைக்கோலத்தைக் காண்பாய் என்று அருள, அவர் வடக்கே மூழ்கித் தெற்கே எழுந்தார். திருவையாற்றிலே பிடியும் களிறும், பெடையும் சேவலுமாக வந்த உயிர்களிலெல்லாம் சத்தியையும் சிவத்தையும் கண்டார். இன்றும் ஆடி அமாவாசையிலே அது கயிலைக்காட்சி விழாவாக நடைபெறுகின்றது.

அப்பருக்கு உயரப்பயம் இருந்ததென்று எவரும் சொல்லவில்லை. அவர் அஞ்சாமையைப் பாடியவர். நீற்றறைக்கும் யானைக்கும் கல்லோடு கட்டிக் கடலில் இட்டதற்கும் அஞ்சாதவர். அந்த அஞ்சாதவருக்கும் கயிலையின் பாதை முடியவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. அவரும் மலையுச்சி சேரவில்லை. மலை அவரிடம் வந்தது, அதுவும் சமவெளியிலே, காவிரிக்கரையிலே.

அண்ணாமலை வரலாறும் இதனையே வேறு விதமாகச் சொல்கின்றது. மேலே பறந்த பிரமதேவர் முடியைக் காணாமலே கண்டேன் என்றார். தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தார். கீழே அகழ்ந்த திருமால் அடியைக் காணவில்லை, இயலவில்லை என்று உள்ளதைச் சொன்னார். உயரப் போய்ப் பொய் சொன்னவருக்குக் கோயில் இல்லாமற் போயிற்று. இயலாது என்று ஒப்புக்கொண்டவர் அருள் பெற்றார். பாதி மலையிலே உட்கார்ந்து, எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்பவர் திருமாலின் பக்கத்திலே உட்கார்ந்திருக்கின்றார்.

ஆகையினால் இவ்வாண்டு யாத்திரைக்கு ஊரிலிருந்து புறப்படும் குழுவினர், புறப்படுவதற்கு முன்னரே, உயரம் பயமாயிருப்பவர் யார் என்று சிரிப்பில்லாமற் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப்பட்டவருக்கு அருகில் ஒருவர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று குறித்துவிடலாம். வழியிலே நின்றுவிட்டால் அவரைத் தனியே விட்டுச் செல்லாமல், அடுத்த தேநீர்க் கடையிலோ அம்பலத்திலோ ஒருவர் அவரோடு தங்க வேண்டும். தங்குபவர் முன்னரே மலை ஏறியவராயிருந்தால் மனக்குறையின்றித் தங்குவார். கம்பளி ஒன்றும் சுடுநீர்ப் போத்தல் ஒன்றும் அவர்களிடம் இருக்கட்டும். அங்கிருந்தே உச்சியின் விளக்குகள் தெரியும். விடியற்காலையில் மணியோசை காற்றோடு இறங்கி வரும். மேலே செல்பவர்கள் அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி வணங்கி, இறங்கி வரும்போது திருநீற்றை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுவந்து, மற்றெல்லோருக்கும் முன்னதாக அவருடைய நெற்றியிலே இடுவார்களாக.